சோளக்காட்டில் மிளகாய் நெடி

அமெரிக்கா போய்விட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு சிலையைச் சொல்வார்கள், அருவியைச் சொல்வார்கள், வானத்தைத் தொடும் கட்டடத்தைச் சொல்வார்கள். நான் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது சோளக்காடு. காலையில் சோளம், மத்தியானம் சோளம், பொழுது சாயும்போதும் சோளம். கிழக்குத் தாம்பரத்தில் பிறந்து, ஜி.எஸ்.டி. ரோட்டு ஹார்ன் சத்தத்தில் வளர்ந்து, குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளுகிறவன் விமானம் ஏறிப்போய்ப் பார்க்கவேண்டியது இதுதானா என்று இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் புலம்பல் தானாக நின்றுவிட்டது. ஏழு வயது மகள் மடியில் துவண்டு கிடக்கும்போது வெளியே சோளம் இருந்தால் என்ன, சொர்க்கம் இருந்தால் என்ன?

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சாம் சிகாகோ பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். டென்வரில் வேறு வேலை கிடைத்து வீடு மாற்றப்போகிறான். "அத்தான், நீங்க வர்ற நேரம்தான் நாங்க கிளம்புறோம். சாமானை ஏத்திக்கிட்டு கார்லயே போயிடலாம். எல்லாரும் நியூயார்க் பாக்குறாங்க. நீங்க நிஜ அமெரிக்காவைப் பாருங்க" என்று போனில் ஆசை காட்டினான். ஜூலை மாதம் பள்ளிக்கூடம் நடக்கும்போது லீவு கேட்டதற்கு எங்கள் ரூபியின் தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு கிளம்பினோம்.

காரில் ஐந்து பேர். சாம் ஓட்ட, பக்கத்தில் அவன் மனைவி ப்ரியா. பின்னால் நான், ஸ்டெல்லா, நடுவில் ரூபி. வண்டிக்குப் பின்னால் சாமான் ஏற்றிய ஒரு டிரெய்லர். ப்ரியா கீழ்க்கட்டளைப் பெண். நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள், அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் எகிறி, பிறகு அடங்கிவிட்டது. வீடு மாறும்போது புது வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும்தான் முதலில் போகவேண்டும் என்று, அடுப்படிச் சாமான் டப்பாவை டிரெய்லரில் போடவிடாமல் காருக்குள்ளேயே காலடியில் வைத்துக்கொண்டாள். கல்லுப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, ஊரிலிருந்து வந்த வரமிளகாய் ஒரு பெரிய பொட்டலம். மிளகாய் வாசனையோடுதான் நாங்கள் நிஜ அமெரிக்காவுக்குள் நுழைந்தோம்.

நிஜ அமெரிக்காவில் ஆட்களே இல்லை. இது எனக்கு முதல் அதிர்ச்சி. பெரிய சாலையை விட்டு சாம் உள்ரோட்டில் வண்டியை இறக்கியதும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈ காக்கை கிடையாது. மாடு குறுக்கே வரவில்லை. ஷேர் ஆட்டோ இல்லை. டீக்கடை இல்லை. பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் போவதற்குள் பத்துப் பேரைத் திட்டி, பத்துப் பேரிடம் திட்டு வாங்குகிறவன் நான். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை.

"ஏண்டா சாம், எல்லாரும் எங்கடா போயிட்டாங்க?"

"யாரும் எங்கயும் போகல அத்தான். இருக்குறதே இவ்ளோ பேர்தான்."

அடப்பாவிகளா! எங்கள் பக்கம் அரை கிரவுண்டு நிலத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். இங்கே நிலம் இப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எனக்குச் சுகர் உண்டு. நாற்பது வயதில் வந்தது, மாத்திரையில் ஓடுகிறது. ஆகவே வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புதிதாக ரூபியும் சேர்ந்துகொண்டாள். நான் "சாம், கொஞ்சம் ஓரமா..." என்று ஆரம்பித்தால், "மாமா, எனக்கும்" என்பாள். சில சமயம் அவளே முதலில் ஆரம்பிப்பாள். சாலையோரம் ஓய்வெடுப்பதற்கென்றே கழிப்பறைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், பாய் விரித்துப் படுக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. "அப்பனும் மகளும் ஒரே கட்சி" என்று ஸ்டெல்லா கேலி செய்தாள். "அப்பா பண்றதையே பண்ணுவியாடி?" என்று அவள் தலையில் தட்டினாள். நானும் சிரித்தேன். மகள் நம்மைப் போல இருக்கிறாள் என்று சொன்னால் எந்த அப்பனுக்குத்தான் பிடிக்காது?

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. பெட்ரோல் போடும் இடத்திலேயே சாப்பாடு விற்கிறார்கள். ரொட்டிக்குள் ஒரு வடை மாதிரி இறைச்சி, அதற்குள் இனிப்பு. ஊறுகாய் என்று ஒன்று வைத்தார்கள், அதிலும் இனிப்பு. கலர் குடிக்கும் டம்ளரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் குளிக்கும் சொம்பு அளவு இருக்கிறது. குடித்து முடித்தால் மறுபடி போய்ப் பிடித்துக்கொள்ளலாமாம், யாரும் கேட்கமாட்டார்களாம். ரூபிக்குக் கொண்டாட்டம். ஒரு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உறிஞ்சி, தீர்ந்ததும், "அப்பா, இன்னொண்ணு" என்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெட்ரோல் பங்கில்தான் டிரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் சாம் மாட்டிக்கொண்டான். இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகிறது. இவன் திருதிருவென்று விழித்தான். எங்கிருந்தோ தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து, "இறங்கு மகனே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, ஒரே வீச்சில் வெளியே எடுத்துக் கொடுத்தார். தாம்பரமாக இருந்தால் "வா, வா, ஒடி, ஒடி" என்று சுற்றி நின்று பத்துப் பேர் கத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது அவர் ரூபியைப் பார்த்து, "கடவுளே, இந்தக் குழந்தையின் கண்களைப் பாருங்கள்! இவ்வளவு பெரிய கண்களை நான் பார்த்ததே இல்லை" என்றார். அவர் மட்டுமல்ல. போகிற இடமெல்லாம் இதே பேச்சு. பரிமாறும் பெண்கள் அவள் சடையைத் தொட்டுப் பார்த்தார்கள். "பொம்மை மாதிரி இருக்கிறாள், ஒல்லிக்குச்சி" என்றார்கள். ஸ்டெல்லா பெருமையாகச் சிரித்தாள். ப்ரியாவின் முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருங்கியது.

இரண்டாம் நாள் காரின் ஏ.சி. படுத்துவிட்டது. சின்ன ஊர் ஒன்றில் மெக்கானிக் ஷெட்டைக் கண்டுபிடித்தோம். கதவில் ஒரு அட்டை தொங்கியது. மீன் பிடிக்கப் போயிருக்கிறாராம், திங்கட்கிழமை வருவாராம். எனக்கு அதைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது. எங்கள் கேம்ப் ரோட்டில் மெக்கானிக் பையன் சோற்றுக் கையோடு ஓடி வருவான், தெரியுமா? ஒரு தொழில் செய்கிறவன் மீன் பிடிக்கப் போகிறேன் என்று எழுதியா போட்டுவிட்டுப் போவான்? கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அனல் காற்றில் போனோம். அமெரிக்கா என்றால் பனி என்று நினைத்துக் கம்பளிச் சட்டையாக வாங்கிப்போன எங்களுக்கு அந்த ஜூலை வெயில் சரியான பாடம். நம் கத்திரி வெயில் அங்கேயும் விசா வாங்கிக்கொண்டு வந்துவிட்டது போலிருந்தது.

அதனால்தான் ரூபி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. "தண்ணி." கொடுத்தோம். "இன்னும் தண்ணி." கொடுத்தோம். "வெயிலும்மா, பாவம்" என்றேன் நான். அன்று காலையில் தங்கின இடத்தில் படுக்கையை நனைத்திருந்தாள். மூன்று வயதுக்குப் பிறகு நடக்காத காரியம். ஸ்டெல்லா அவமானத்தில் அந்த விரிப்பைத் தானே துவைத்து உலர்த்தப் பார்த்தாள். பிள்ளை வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடுப்பில் பாவாடை நிற்காமல் ஊசி குத்தி விட்டிருந்தோம். "உயரம் போடுறா, அதான் இளைக்கிறா" என்றாள் ஸ்டெல்லா. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு ரூபி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வயிறு வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். நம் வீட்டில் பிள்ளை சோர்ந்துபோனால் என்ன செய்வோம்? குளுக்கோஸ் தண்ணீர். ஓட்டப்பந்தயத்தில் ஓடினாலும் அதுதான், காய்ச்சல் வந்தாலும் அதுதான், பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும் அதுதான். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஸ்டெல்லா பெட்டிக்குள் இரண்டு டப்பா திணித்திருந்தாள். பாட்டிலில் தாராளமாகக் கொட்டிக் கலக்கினாள். ரூபி மடமடவென்று குடித்தாள். குடிக்கிறாளே, பிழைத்தோம் என்று எங்களுக்கு நிம்மதி.

மூன்றாம் நாள் அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. "டேய், ஒரு டாக்டர்கிட்ட காட்டுடா" என்றேன்.

"அத்தான், இங்க சட்டுனு டாக்டரைப் பாக்க முடியாது. முன்கூட்டியே சொல்லணும். அதுவும் இந்தக் காட்டுல..."

"என்னடா பேசுற? தாம்பரத்துல தெருவுக்குத் தெரு டாக்டர் இருக்கான். டோக்கன் போட்டு உக்காந்தா அரை மணியில பாத்துடுவான். இது அமெரிக்காடா!"

"அமெரிக்காதான் அத்தான்" என்றான் பாவமாக. அவனுக்கும் பயம். அவன் முகத்திலேயே தெரிந்தது.

வழியில் ஒரு மருந்துக்கடை. அங்கிருந்த பெண் காருக்குள் எட்டிப் பார்த்து, "இந்த வாரம் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றுக் கோளாறுதான். நிறைய நீர் ஆகாரம் கொடுங்கள், நாளைக்கும் சரியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்" என்றாள். ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். அவள் சொன்ன தூரம் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரும். இத்தனை பெரிய வல்லரசு, ஒரு காய்ச்சல் வந்தால் திண்டிவனம் போகவேண்டுமா?

இருந்தாலும் அவள் வயிற்றுக் கோளாறு என்று சொன்னதில் எங்களுக்கு ஒரு தைரியம். பொழுது சாய்வதற்கு முன்பே ஒரு சின்ன ஊரில் தங்க இடம் பிடித்தோம். ஒரே வரிசையில் அறைகள், வாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம். அறைக்குள் ஒரு மூலையில் சின்ன மின்சார அடுப்பும் இருந்தது. ப்ரியா ரசம் வைக்கிறேன் என்று அடுப்படி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரூபியைக் கட்டிலில் கிடத்தினேன். மூச்சு வேகமாக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து ஒரு வாசனை, அழுகப்போகிற ஆப்பிள் மாதிரி. காலையில் கொடுத்த ஜூஸ் வாசனை என்று நினைத்தோம்.

ப்ரியா கட்டிலருகே வந்து நின்றாள். "அண்ணி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. வழியெல்லாம் எத்தன பேரு கண்ணு வச்சாங்க! கண்ணு அழகு, முடி அழகு, பொம்ம மாதிரின்னு. ஒரு தடவ சுத்திப் போட்டுடலாம்."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா யார்? ஞாயிறு பள்ளி டீச்சர். பாடகர் குழுவில் முன்வரிசை. பக்கத்து வீட்டில் பூசணிக்காய் கட்டினால் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்கிறவள். இப்போது ஒரு பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"சுத்து ப்ரியா" என்றாள் ஸ்டெல்லா. "நான் நேத்துலேர்ந்து ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். நீ சுத்து."

எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த அதிர்ச்சிகளில் அதுவும் ஒன்று. பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியும் என் பெண்டாட்டியை எனக்குத் தெரியவில்லை.

ப்ரியா கைநிறையக் கல்லுப்பும் வரமிளகாயும் எடுத்தாள். வாசலில் போய் அந்த ஊர் மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளிக்கொண்டு வந்தாள். ரூபியின் தலையை மூன்று தடவை சுற்றினாள். "ஊரு கண்ணு, உறவு கண்ணு, வெள்ளக்காரங்க கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்." கீழ்க்கட்டளையில் தெருமுனையில் நெருப்பு மூட்டிப் போட்டுவிடுவார்கள். இங்கே நெருப்புக்கு எங்கே போவது? அடுப்பில் வாணலி காய்ந்து சிவந்திருந்தது. அதில் கொட்டினாள். அவள் சொன்ன கணக்கு இது: நெடி வரவில்லை என்றால் திருஷ்டி இருந்தது, எரிந்து போய்விட்டது என்று அர்த்தம். நெடி வந்தால் திருஷ்டியே இல்லை.

நெடி வந்தது. எப்பேர்ப்பட்ட நெடி! ஜன்னல் மூடின அறை, கைநிறைய மிளகாய். சாம் இருமிக்கொண்டே வெளியே ஓடினான். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. ஸ்டெல்லா முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடி வாரி எடுத்தாள். ப்ரியா மட்டும் வாணலியையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணா, நெடி வருது. அப்ப இது திருஷ்டி இல்ல. பாப்பாவுக்கு நிஜமாவே என்னமோ இருக்கு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கூரையில் ஒரு வட்டப் பெட்டி காது கிழிகிற மாதிரி அலறத் தொடங்கியது. புகை வந்தால் கத்துகிற யந்திரமாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு அறையில் கத்தினால் எல்லா அறையிலும் கத்துமாம். தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். ஒருவர் இடுப்பில் துண்டோடு நின்றார். விடுதிக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஊருக்கு நடுவில் சைரன் ஊளையிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு வண்டியும் பின்னாலேயே ஏழெட்டு சொந்தக் கார்களும் வந்து நின்றன.

இறங்கினவர்களைப் பார்த்து எனக்கு மறுபடி அதிர்ச்சி. ஒருவன் பந்து விளையாடும் உடுப்பில் இருக்கிறான். ஒருவன் இறைச்சி வெட்டும் மேலங்கியோடு நிற்கிறான். அந்தச் சின்ன ஊரில் சம்பளத்துக்குத் தீயணைப்புப் படை கிடையாது, ஊர்க்காரர்களே சேர்ந்து ஓடி வருகிறார்கள் என்று சாம் பிற்பாடு சொன்னான். உள்ளே போன இரண்டு பேர் போன வேகத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"என்ன எரித்தீர்கள்?"

"மிளகாய்" என்றான் சாம்.

"சமைத்தீர்களா?"

சாம் என்னைப் பார்த்தான். நான் ப்ரியாவைப் பார்த்தேன். "ஆமாம், சமையல்" என்றான் சாம்.

நான் இந்தக் களேபரத்தில் அசடு வழிந்துகொண்டு நின்றபோது, படையோடு வந்த ஒரு பெண் புல்தரையில் ஸ்டெல்லாவின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். மருத்துவ உதவிக்குப் பயிற்சி பெற்றவள். புகை மூச்சில் ஏறியிருக்குமோ என்று பார்க்க வந்தவள், ரூபியின் முகத்தருகே குனிந்து அந்த ஆப்பிள் வாசனையை முகர்ந்தாள். பிறகு பேச்சின் வேகமே மாறிவிட்டது.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறாள்? தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா? அடிக்கடி சிறுநீர் போகிறாளா? இளைத்தாளா?"

ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" சொன்னேன். இந்தக் கேள்விகள் எனக்குத் தெரியும். எனக்கு இதே கேள்விகளைத்தான் தாம்பரத்தில் டாக்டர் கேட்டார்.

அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து ரூபியின் விரலைக் குத்தினாள். ரூபி அழக்கூட இல்லை. மீட்டரில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவையெல்லாம் தாண்டிப் போய்விட்டது என்றாள். "உங்கள் மகளுக்குச் சர்க்கரை நோய். ரத்தம் விஷமாகிக்கொண்டிருக்கிறது. இப்போதே போகவேண்டும்."

"இல்ல மேடம், சுகர் எனக்கு" என்றேன். இங்கிலீஷில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று தெரியாது. சுகர் எனக்கு. வயசானவர்களுக்கு வரும். பெருத்தவர்களுக்கு வரும். ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படி வரும்? எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி வந்ததில்லையே! அவள் என் கையைப் பிடித்து, "இது வேறு வகை. நீங்கள் கொடுத்ததல்ல. வண்டிக்கு வழிவிடுங்கள்" என்றாள்.

திண்டிவனம் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் பறந்தது. அங்கே ஊசி குத்தி, குழாய் போட்டு, எங்களால் இவ்வளவுதான் முடியும், பெரிய ஊருக்குப் போகவேண்டும், ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். தாம்பரத்து ஆள் நான். விமானப்படை மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். தலைக்கு மேல் எது பறந்தாலும் அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டேன். அன்றைக்கு அது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புல்லைச் சுழற்றிக்கொண்டு இறங்கியபோது அண்ணாந்தபடியே நின்றேன். எங்களுக்கு அதில் இடமில்லை. வாரில் கட்டின பிள்ளையை உள்ளே ஏற்றிக் கதவை மூடினார்கள்.

"அவ கண்ணு முழிச்சா தமிழ்ல பேச ஆள் இல்லையேங்க" என்று ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். சோளக்காட்டுக்கு மேலே அது சின்னதாகிச் சின்னதாகிப் போயே போய்விட்டது. இந்த வயதுவரை நான் அப்படி அழுததில்லை. நாங்கள் டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டுப் பின்னால் ஓடினோம். அந்தச் சவாரியைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை.

காலையில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ரூபி விழித்திருந்தாள். உடம்பெல்லாம் குழாய். எங்களைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, தண்ணி." ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். என் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, சரியாக வேலை செய்யவில்லை. இவள் உடம்பில் சுரப்பதே நின்றுவிட்டது. இனி தினமும் ஊசிதான். ஆயுசு முழுக்க. வழியில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஸ்டெல்லா குளுக்கோஸ் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கி வாசித்துவிட்டு, "இங்கேயும் அம்மாக்கள் இதைத்தான் வேறு பெயரில் கொடுக்கிறார்கள். நான் இதற்காக யாரையும் திட்டியதில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் பேச உங்களுக்கு முன்னால் வந்திருக்கமாட்டேன், ஆறுதல் சொல்ல ஒரு பாதிரியார் வந்திருப்பார்" என்றார். சாம் ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். தோல் கம்பெனிக்காரன் நான், எருமைத் தோலை அலட்சியமாகக் கிழிப்பேன். ரூபியின் தொடையில் ஊசியை வைத்தபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "குத்துப்பா, ஒண்ணும் ஆகாது" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். ஆஸ்பத்திரி பில்லும் இன்ஷூரன்ஸும் ஒரு தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் இந்தக் கட்டுரை முடியாது. டென்வரில் ப்ரியா உப்பையும் மஞ்சளையும் முதலில் எடுத்துப் போனாள். மிச்ச மிளகாயைக் குப்பையில் போடப் போனவளை ஸ்டெல்லா தடுத்து, ஒரு பிடியை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இன்சுலினை ஐஸ் ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே வேறு விதமான அதிர்ச்சி. பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "இன்னாது, இத்தினூண்டு புள்ளைக்கு சுகரா? முட்டாயும் சாக்லேட்டுமா குடுத்து கெடுத்துட்டீங்களா?" பொம்பளைப் பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள் என்றார் என் சித்தப்பா. எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் சண்டை போட்டுவிட்டேன், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

ஊர் திரும்பியதும் வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லவேண்டும். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் எப்படிக் காப்பாற்றினார் என்று எல்லோர் முன்னும் சொல்வது எங்கள் வழக்கம். "மிளகாயை மட்டும் விட்டுடு" என்று நான் முன்னாலேயே எச்சரித்திருந்தேன். "தீயணைப்பு வண்டி வந்துச்சுன்னு சொல்லு, போதும்."

ஸ்டெல்லா மைக்கைப் பிடித்தாள். சோளக்காட்டைச் சொன்னாள், வாந்தியைச் சொன்னாள். "அப்போ என் தம்பி பெண்டாட்டி மிளகாய் சுத்திப் போட்டா. நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மிளகாய்ப் புகையாலதான் தீயணைப்புக்காரங்க வந்தாங்க. இல்லன்னா காலையில என் பிள்ளையை எழுப்பியிருக்க முடியாது. கர்த்தர் எதை வச்சு வேணும்னாலும் காப்பாத்துவாரு. எனக்கு அதுல வெட்கம் இல்ல." பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "ஆமென்" என்றார். நான் விட்ட மூச்சு கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெண்கள் ஸ்டெல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "எத்தன மிளகா போட்டீங்க?" என்று ஒரு டீச்சரம்மா காதோடு கேட்டது என் காதில் விழுந்தது. நான் ரூபியோடு படிக்கட்டில் நின்றேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

"அப்பா, தண்ணி" என்றாள் ரூபி.

அத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஸ்டெல்லாவுக்கு அது கேட்டுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எதுக்கு ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க? வெயிலுப்பா" என்றாள் அவள்.

அந்த வார்த்தையை நாங்கள் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் அவளைப் படியில் உட்காரவைத்து, பையிலிருந்து மீட்டரை எடுத்து விரலைக் குத்தினேன். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எண் வந்தது. நல்ல எண்.

வெயில்தான்.